பதினான்காம் தேதிப் பக்கத்து டீக்கறை

அயனம்பாக்கம்
24 மார்ச் 2025

மதிவதனிக்கு,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை, அடித்துவிட்டேன். மேலே தெரிகிற கிறுக்கல் அதுதான்.

உன் நம்பரை நான் பிளாக் செய்திருப்பது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அம்மா போனில் கூப்பிட்டு என்னிடம் கொடுக்கச் சொல்லாதே. உன் குரலைக் கேட்டால் என் வாயில் வரக்கூடாதது வரும், பக்கத்தில் அம்மா இருக்கும். அதனால்தான் போஸ்ட் ஆபீசில் கவர் வாங்கி எழுதுகிறேன். பதினோரு வருஷம் டைம் ஆபீசில் உட்கார்ந்து அடுத்தவன் பேரையும் நேரத்தையும் எழுதிய கை, சொந்த விஷயம் எழுதத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எச்.ஆர். செல்வகுமார் சார் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னதே இல்லை. மேஜையில் உன் கட்டுரை. உங்கள் காலேஜ் பேப்பரில் இங்கிலீஷில் வந்ததும், அதை எடுத்துப் போட்ட தமிழ் வெப்சைட்டும், இரண்டையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். முதல் வரியை வாய்விட்டுப் படித்தார். 'நவம்பர் பதினான்காம் தேதிப் பக்கத்தில் டீ கிளாஸின் வட்டக் கறை ஒன்று இருக்கிறது. பக்கம் பழையதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வைக்கப்பட்ட கறை அது.' படித்துவிட்டுப் பீரோவைத் திறந்தார், ரிஜிஸ்டரை எடுத்தார், அந்தப் பக்கத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஜெகா, இது எனக்கே தெரியாதுய்யா. உன்ன எழுதத்தான சொன்னேன். டீ வைக்க சொல்லலியே" என்றார்.

பூபாலன் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் செத்தது நவம்பர் 14. அவன் அன்றைக்கு டியூட்டியிலேயே இல்லை, இரும்பு திருட சுவர் ஏறிக் குதித்தவன் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதற்காக அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை வரவழைத்து, காண்ட்ராக்ட் ஆட்களின் அந்த மாதத்து ரிஜிஸ்டரை வேறு நோட்டில் முழுசாக எழுத வைத்தார்கள், அவன் பேர் இல்லாமல். அன்றைக்கு அந்த ரூமில் இருந்தது நானும் அந்த நோட்டும்தான். டீக்கறை விஷயம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருத்தன் நான். இன்னொருத்திக்கு மாட்டுப்பொங்கல் அன்று கறிக்குழம்பு ஊற்றிவிட்டு, மனசு தாங்காமல், கை காய்கிற வரைக்கும் உட்கார்ந்து சொன்னேன். தங்கச்சி என்று நினைத்துச் சொன்னேன். சோறு தின்கிற இடத்தில் ரிப்போர்ட்டர் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாது.

ஐ.டி. கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கார்டு இல்லாதவன் விசிட்டர் நோட்டில்தான் வெளியே போக வேண்டும். கேட்டில் என் பேரை எழுதியது ஆனந்தன், நான் வேலை சொல்லிக்கொடுத்தவன். நேரம் போடும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பி.எட். படி என்றேன், கேட்கவில்லை. ஐதராபாத் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சின்ன வயசில் ஏரிப்பக்கம் போகாதே என்றால் அன்றைக்குத்தான் போய் நிற்பாய். என் பேச்சை நீ என்றைக்குக் கேட்டாய்? புலனாய்வுப் பத்திரிகை படிப்பாம். என்னைத்தான் புலனாய்ந்திருக்கிறாய்.

ஜெகதீசன்

*

பல்கலைக்கழக மகளிர் விடுதி, ஐதராபாத்
31 மார்ச் 2025

அண்ணா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் பிரித்துவிட்டேன். ஃபிசா என் கையைப் பிடித்து அறைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பூந்தமல்லிக்காரி, போன வருஷம் என்னோடு நம் வீட்டுக்கு வந்தாளே, அவள்தான்.

உன் வேலை போனதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டுவிட்டு உடனே என் பக்கத்தையும் சொல்லப் போகிறேன், அது உனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

உன்னை மறைக்க என்னால் ஆனதைச் செய்தேன். உன் பெயரை எடுத்தேன், வயதை எடுத்தேன், டைம் ஆபீஸ் என்ற வார்த்தையே கட்டுரையில் கிடையாது. 'விவரம் அறிந்த ஒருவர்' என்று மட்டும்தான் இருக்கும். முதல் வரைவில் டீக்கறையும் இல்லை. அந்த வரைவைப் பேராசிரியர் சிவப்பு மையில் குதறித் திருப்பிக் கொடுத்தார். 'அம்பத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கிற யாரும் இதைச் சொல்வார்கள். நீ மட்டும் அறிந்தது எங்கே?' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அன்று சாயங்காலமே கறையை எடுத்து முதல் வரியில் வைத்தேன். அதை வகுப்பில் இரண்டு முறை படித்துக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

எழுதும்போது உன் முகம் நினைவுக்கு வந்ததா என்று நீ கேட்கவில்லை. வந்தது. கறைதானே, ஆள் இல்லையே என்று நினைத்தேன். கறையை வைத்தவனுக்கு மட்டும்தான் அது எதற்கு என்று தெரியும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. போன செமஸ்டரில் எங்களுக்கு ஒரு தாள் முழுக்க இதுதான், தகவல் தந்தவரைக் காப்பாற்றுவது எப்படி என்று. அதில் எண்பத்தெட்டு வாங்கினேன். வேண்டுமானால் சிரித்துக்கொள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ அன்று அதையெல்லாம் சொன்ன பிறகு நான் என்ன செய்திருக்க வேண்டும்? குழம்பு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு ரயில் ஏறியிருக்க வேண்டுமா? தொட்டியில் விஷவாயு இருக்கிறது என்று தெரிந்தே ஒரு மனிதரை இறக்கினார்கள். செத்த பிறகு அவரைத் திருடனாக்கினார்கள். நீ எழுதிக் கொடுத்தாய். இதெல்லாம் உண்மையா இல்லையா? அதையாவது சொல்.

மதி

*

அயனம்பாக்கம்
8 ஏப்ரல் 2025

மதிவதனிக்கு,

உண்மைதான். சொல்லிவிட்டேன், போதுமா? இதையும் எடுத்து முதல் வரியில் வைத்துக்கொள்.

'தகவல் தந்தவர்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையை நாலு தடவை படித்தேன். உன்னை அம்பத்தூர் எஸ்டேட் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டே டியூஷனுக்குக் கூட்டிப்போனவன் நான். உனக்கு நான் தகவல் தந்தவர்.

நேற்று செல்வகுமார் சார் என்னை எஸ்டேட் பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு வரச்சொன்னார். அவர் டீ வாங்கிக் கொடுத்தார், நான் குடிக்கவில்லை. இனிமேல் என்னால் டீ குடிக்க முடியும் என்று தோன்றவில்லை.

"உம்மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல ஜெகா. மேல இருந்து கேக்கறாங்க. ரிஜிஸ்டர் பூரா உன் கையெழுத்து. போர்ஜரின்னு வந்துச்சுன்னா நீதான் உள்ள போவ, நான் போமாட்டேன். உன் தங்கச்சி என்ன பண்றா, படிப்புக்காக கற்பனையா எழுதிட்டேன், யாரும் எனக்கு சொல்லலன்னு ஒரு லெட்டர் குடுத்துரட்டும். உன்ன மறுபடி உள்ள எடுக்கறது என் பொறுப்பு" என்றார்.

ஒரு பக்கம் எழுதினால் போதும் மதி. எங்கேயும் வந்து நிற்க வேண்டாம், கையெழுத்துப் போட்டு போஸ்டில் அனுப்பினால் போதும். அம்மா இரண்டு வாரமாகத் தெருவில் யாரோடும் பேசவில்லை. "அத்த ஒரு வரி எய்தி குட்துட சொல்லுடா. படிச்ச பொண்ணு, எய்த தெரியாதா?" என்கிறது. வேலை போனது அம்மாவுக்குப் பெரிசில்லை. நம் வீட்டில் இதுவரை யாரும் ஸ்டேஷன் படி ஏறியதில்லை, அதுதான் பயம்.

நீ இதை எனக்குச் செய்ய வேண்டும். கெஞ்சுகிறேன் என்று எழுத வரவில்லை. அப்படியே வைத்துக்கொள்.

ஜெகதீசன்

*

ஐதராபாத்
16 ஏப்ரல் 2025

அண்ணா,

எழுத மாட்டேன்.

ஒரு பக்கம்தான் என்கிறாய். அந்த ஒரு பக்கத்தை நான் எழுதினால் பூபாலன் மறுபடியும் திருடன். இந்த முறை அவரைத் திருடனாக்குவது நான். நீ ஒரு தடவை எழுதினாய், உன்னை மிரட்டி எழுத வைத்தார்கள், உனக்கு வேறு வழி இல்லை என்று நான் இன்னும் நம்புகிறேன். என்னை மிரட்ட அவர்களால் முடியவில்லை. அதனால் உன்னை அனுப்புகிறார்கள்.

செல்வகுமார் உன்னை மறுபடி உள்ளே எடுப்பார் என்று நிஜமாகவே நம்புகிறாயா? என் கையெழுத்து அவர் கைக்குப் போன அன்றே அவருக்கு உன் தேவை முடிந்துவிடும்.

பூபாலனின் மனைவி பஞ்சவர்ணத்தை நீ பார்த்ததில்லை. நான் பிப்ரவரியில் பார்த்தேன். வெள்ளானூரில் புது பிளாட்டுகளுக்கு நடுவில் ஒரு சிமென்ட் ஷீட் வீடு. நான் கேள்வி கேட்கப் போனேன், அந்த அம்மா என்னைத்தான் கேட்டார், நீ எந்த ஊர் பொண்ணு, சாப்பிட்டாயா என்று. பக்கத்துத் தெருவில் அவரை வீட்டு வேலைக்கு வைத்திருந்த இரண்டு பேர், திருடன் பெண்டாட்டி என்று நிறுத்திவிட்டார்களாம். தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறார், கணவர் அன்றைக்கு வேலைக்குத்தான் போனார் என்று எழுத்தில் தரச் சொல்லி. நீ ஒரு தடவை போய் அவரைப் பார். பார்த்துவிட்டு வந்து, அந்தக் கடிதத்தை எழுது என்று சொல். அப்போது யோசிக்கிறேன்.

உன் பாசத்தை எடுத்து விற்றுவிட்டேன் என்று நினைக்கிறாய். இருக்கலாம். ஆனால் அதற்காகப் பொய் சொல்லி அதைத் திரும்ப வாங்க முடியாது.

மதி

*

அயனம்பாக்கம்
25 ஏப்ரல் 2025

மதிவதனிக்கு,

உன் லெக்சர் கிடைத்தது. நன்றாக எழுதுகிறாய், கையில் காசில்லாதவன் வீட்டுக் கஷ்டம் உனக்கு நன்றாக எழுத வருகிறது. நம் வீட்டையும் சேர்த்து.

செல்வகுமார் சாரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். 'சரி ஜெகா, பாத்துக்க' என்றார். அவ்வளவுதான்.

இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

ஜெகதீசன்

*

ஐதராபாத்
26 மே 2025

அண்ணா,

பிரிக்க மாட்டேன் என்றாய். அம்மாவாவது யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லும் என்று எழுதுகிறேன்.

நேற்று அம்மா போனில் எல்லாம் சொன்னது. நீ குத்தம்பாக்கத்தில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறாயாம், பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நிற்கிறாயாம். கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறதாம், ரிஜிஸ்டரைப் பற்றி வெளியே பொய்யைப் பரப்பியது நீதான் என்று. ஸ்டேஷனில் கூப்பிட்டு மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்களாம். "உங்கண்ணன் ஊட்டுக்கு வந்து சட்டைய கூட கயட்டல, அப்டியே குந்திகினு கீறான்டி" என்று சொல்லிவிட்டு அம்மா போனைக் கீழே வைத்துவிட்டது, கட் செய்யக்கூட இல்லை. அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் எங்களுக்கு வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் கட்டுரையைப் பாராட்டினார். துணிச்சல் என்றார். இதில் நீ எதை இழந்தாய் என்று என்னைக் கேட்டார். தூக்கத்தை என்று சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துணிச்சல் என்னுடையது, ஸ்டேஷனில் உட்கார்ந்தது நீ.

ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

மதி

*

அயனம்பாக்கம்
9 ஜூன் 2025

மதி,

பிரித்தேன். படித்தேன். உன் மே மாசத்து லெட்டரைப் பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், வேர்வையில் மை ஊறிப் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளானூர் போனேன். நீ சொன்னதற்காக இல்லை. ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கான்ஸ்டபிள் இன்னொருத்தரிடம், இவன்தான் அந்தத் திருடன் கேஸ் என்றார். அந்தத் திருடன் என்றால் பூபாலன். தினமும் காலையில் கேட்டில் 'வணக்கம் அண்ணாத்தே' சொல்லிவிட்டு உள்ளே போனவனை என் காதால் அப்படிக் கேட்டேன்.

பஞ்சவர்ணம் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தது. நான் டைம் ஆபீசில் வேலை பார்த்தவன், நான்தான் அந்த நோட்டை மாற்றி எழுதியவன் என்று நின்றபடியே சொல்லிவிட்டேன். அடிக்கும் என்று நினைத்தேன். கையில் இருந்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது. அப்புறம், "அன்னிக்கி எத்தினி மணிக்கி உள்ள போனாரு, அத்த சொல்லு" என்றது. ஏழு ஐம்பத்தைந்து என்றேன். "ஆங். ஏழு மணிக்கி சாப்புட்டு போனாரு. சரியாத்தான் கீது" என்றது. அதற்குப் பிறகுதான் அழுதது.

மதி, உன்னிடம் நான் ஒரு பொய் சொன்னேன். பழசாகத் தெரிய வேண்டும் என்றுதான் கறை வைத்தேன் என்றேனே, அது இல்லை. பூபாலன் தினமும் ஒன்பதாவது ஆளாக வருவான், ஒன்பதாவது வரி அவனுடையது. புது நோட்டில் பதினான்காம் தேதி எழுதும்போது அந்த வரிக்கு வந்ததும் இன்னொருத்தன் பேரைப் போட முடியவில்லை. டீ கிளாசை அந்த வரி மேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்து எடுத்தால் வட்டமாகக் கறை. அதற்கு மேல்தான் அடுத்தவன் பேரை எழுதினேன். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, ஏதோ சாமர்த்தியம் மாதிரி உன்னிடம் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய ரிஜிஸ்டரை பாய்லரில் போட என்னிடம்தான் கொடுத்தார்கள். போட்டேன். ஆனால் பதினான்காம் தேதிப் பக்கத்தை மட்டும் கிழித்து டிபன் பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். இன்றுவரை யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கும். ஒன்பதாவது வரி, பூபாலன், உள்ளே வந்த நேரம் 7.55. வெளியே போன நேரம் மட்டும் காலி.

அந்தப் பக்கத்தைப் பஞ்சவர்ணத்தின் வக்கீல் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். 18ஆம் தேதி தொழிலாளர் துறையில் விசாரணை. நான் போய்ச் சொல்லப்போகிறேன், மாற்றி எழுதியது நான்தான் என்று. உள்ளே போட்டால் போடட்டும். வக்கீல் அம்மா சொன்னதைக் கேள்: கம்பெனி எந்த ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தாலும் மாட்டிக்கொள்வார்களாம். கறையோடு கொண்டுவந்தால், கறைக்கு மேல் மை ஓடியிருப்பதைக் காட்டலாம். பழைய பக்கமென்றால் மைக்கு மேலே அல்லவா டீ சிந்தியிருக்கும். கறை இல்லாமல் புதுசாக எழுதிக் கொண்டுவந்தால், மார்ச் மாதமே உன் கட்டுரையில் கறையைப் பற்றி வந்துவிட்டது, அதற்கப்புறம் நோட்டை மாற்றியிருக்கிறார்கள் என்று காட்டலாம். எங்களுக்குப் பிடியே உன் முதல் வரிதான். நான் மூன்று மாசமாகச் சபித்த வரி.

அதனால் அந்த மறுப்புக் கடிதத்தை மட்டும் எழுதிவிடாதே. யார் கேட்டாலும், அம்மாவே அழுதாலும் எழுதாதே. போனில் சொல்லியிருப்பேன். 18ஆம் தேதி வரைக்கும் தங்கச்சியோடு பேசாதே, அண்ணனும் தங்கச்சியும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்பார்கள் என்று வக்கீல் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உனக்குப் பிடிவாதம் அதிகம், அது ஒன்றை நம்பித்தான் நிம்மதியாக இருக்கிறேன்.

அண்ணன்
ஜெகதீசன்

*

மே/பா. ஃபிசாவின் மாமா வீடு, ஐதராபாத்
10 ஜூன் 2025

அண்ணா,

நீ ஜெயித்தாய்.

நேற்று அந்தக் கடிதத்தை எழுதிவிட்டேன். கம்பெனிக்குப் பதிவுத் தபால், துறைத்தலைவருக்கு நேரில் ஒன்று, தமிழ் வெப்சைட்டுக்கு மெயிலில் ஒன்று. செல்வகுமார் கேட்டதைவிட நன்றாகவே எழுதியிருக்கிறேன், அவருக்குக் குறை இருக்காது. 'பதிவேடு திருத்தப்பட்டதாக என்னிடம் யாரும் கூறவில்லை. டீக்கறை உட்பட அனைத்தும் மதிப்பெண்ணுக்காக நான் கற்பனையாக எழுதியவை. என் சகோதரருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.' கடைசி வாக்கியத்துக்காகத்தான் மற்ற இரண்டையும் எழுதினேன்.

உன்னிடமிருந்து பதிலே வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டால், அவன் யாரிடமும் பேசுவதில்லை, ஏதோ காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கேயோ போகிறான் வருகிறான் என்கிறது. நீ ஜெயிலுக்குப் போவதற்கு ஏற்பாடு செய்துகொள்கிறாய் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்புறம் என்னால் இருக்க முடியவில்லை. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. நீயே சொல்லிக்கொள்.

கட்டுரையை இரண்டு இடத்திலும் எடுத்துவிட்டார்கள். பேராசிரியர் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார், கட்டுரை பொய்யா, இல்லை இந்தக் கடிதம் பொய்யா என்று. கடிதத்தில் இருப்பதுதான் உண்மை சார் என்றேன். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஆனாலும் விதி விதிதானே. இட்டுக்கட்டிய செய்திக்குப் பட்டம் கிடையாது. இரண்டு வருஷம் போயிற்று. பரவாயில்லை என்று எழுதப் பார்த்தேன், பரவாயில்லை இல்லை. ரொம்ப வலிக்கிறது.

பஞ்சவர்ணம் அம்மாவை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவரிடம் போய்ச் சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு இனி முகம் கிடையாது. அவரா நீயா என்று வந்தபோது நான் உன்னை எடுத்தேன். இதற்கு எந்த வகுப்பிலும் மார்க் இல்லை.

தேர்வு முடிந்ததால் விடுதியை 7ஆம் தேதியே காலி செய்துவிட்டேன். எழுதுவதாக இருந்தால் மேலே உள்ள விலாசத்துக்கு எழுது. மறுபடி வேலையில் சேர்ந்த நாளையாவது ஒரு கார்டில் போடு.

மதி

*

அயனம்பாக்கம்
20 ஜூன் 2025

பாப்பா,

9ஆம் தேதி நான் விடுதிக்குப் போட்ட லெட்டர் உனக்குக் கிடைத்ததா தெரியாது. கிடைத்திருந்தால் இதைப் படிக்க வேண்டாம், கிழித்துப் போட்டுவிடு. கிடைக்கவில்லை என்றால், அது வந்ததும் பிரிக்காமல் கிழித்துவிடு. உன்னால் இரண்டில் ஒன்றும் முடியாது என்று தெரியும். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று முன்தினம் விசாரணை. நான் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், நவம்பரில் மாற்றி எழுதியதை, கறையை, பாய்லரை. கிழித்து வைத்திருந்த பக்கத்தை வக்கீல் அம்மா கொடுத்தார். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்பதாவது வரியைப் படித்தார். பஞ்சவர்ணம் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. பூபாலன் பேரை அவர் சத்தமாகப் படித்ததும் அது எழுந்து நின்றுவிட்டது, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதைப் போல.

அப்புறம் கம்பெனிக்காரர்கள் ரிஜிஸ்டரை எடுத்து வைத்தார்கள். பதினான்காம் தேதிப் பக்கம் பளிச்சென்று இருந்தது. கறையே கிடையாது. கையெழுத்து ஆனந்தனுடையது. என்னைப் போலவே ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவான், நான் சொல்லிக்கொடுத்த வேலை. காண்ட்ராக்ட் ஆட்களின் ரிஜிஸ்டரை எப்போதும் அவன்தான் எழுதுவான், ஜெகதீசனுக்கு இதில் வேலையே இல்லை என்றார்கள். வக்கீல் அம்மா சந்தோஷமாக எழுந்தார். உன் கட்டுரையை எடுத்து நீட்டினார், மார்ச் மாதம் கறை இருந்ததே, இப்போது எங்கே போயிற்று என்று கேட்டார்.

அதற்குக் காத்துக்கொண்டிருந்தவன் மாதிரி அவர்கள் வக்கீல் உன் லெட்டரை எடுத்துப் படித்தான். நல்ல தமிழ். நிறுத்தி நிறுத்திப் படித்தான். 'டீக்கறை உட்பட அனைத்தும் கற்பனை.' கட்டுரை எழுதியவளே கற்பனை என்கிறாள், வேலை போன ஆத்திரத்தில் அந்தக் கற்பனைக்குத் தோதாக அண்ணன் வீட்டில் உட்கார்ந்து ஒரு பக்கம் தயாரித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்றான். அந்தப் பக்கத்தில் இருப்பதும் என் கையெழுத்துதானே. உன்னை வரவழைத்துச் சொல்ல வைக்கலாமா என்று கேட்டேன். ஒரு தடவை பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் இனி எதைச் சொன்னாலும் நிற்காது என்று வக்கீல் அம்மா சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. பூபாலன் அன்றைக்கு வேலைக்கு வந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். என் மேல் புதுசாக ஒரு புகார் கொடுக்கப் போகிறார்களாம்.

வெளியே வராண்டாவில் பஞ்சவர்ணம் என்னிடம் வந்தது. "அந்த லெட்டரு, என் ஊட்டாண்ட வந்துச்சே, உன் தங்கச்சி, அதுவா எய்திச்சி?" என்று கேட்டது. நான் ஆமாம் என்றேன். "ஏன் அப்டி எய்திச்சி?" என்று கேட்டது.

நான்தான் எழுதச் சொன்னேன் என்றேன். அது உண்மைதானே. பஞ்சவர்ணம் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கி பஸ் ஸ்டாப் பக்கம் போயிற்று.

வீட்டுக்கு வந்தால் உன் 10ஆம் தேதி லெட்டரை அம்மா தண்ணீர்க் குடத்து மூடி மேல் வைத்திருந்தது. நின்றபடியே படித்தேன். உன் மேல் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் கொஞ்ச நாள் கூப்பிடாதே.

எனக்கு விவரம் தெரிந்து நீ என் பேச்சை அப்படியே கேட்டது இதுதான் முதல் தடவை பாப்பா.

அண்ணன்